“உங்களுக்கு” என்று கேட்ட பிள்ளை

எகிப்தில் அடிமைகளாக இருந்த இஸ்ரவேலர் விடுதலையாகி வெளியேறியதை நினைக்கும் யூதப் பண்டிகை பஸ்கா. ஞாயிறு பள்ளிக் காலத்திலிருந்தே பஸ்கா என்றால் எனக்கு ஆட்டுக்குட்டியும் நிலைக்காலில் பூசிய இரத்தமும்தான். நியூஜெர்சியில் உடன் வேலை பார்க்கும் யூத நண்பர் வீட்டில் செதர் என்னும் பஸ்கா இரவு விருந்தில் உட்கார்ந்த பிறகுதான், இன்று அவர்களுக்கு அது என்ன என்று கொஞ்சம் புரிந்தது.

பலி ஆடு கிடையாது. அதன் நினைவாகத் தட்டில் ஓர் எலும்பு, அவ்வளவுதான். கி.பி. 70இல் ரோமர்கள் எருசலேம் ஆலயத்தை இடித்ததும் பலி நின்றுபோய், பண்டிகை வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது. ஆசாரியர் தேவையில்லை. “மற்ற இராத்திரிகளைப்போல் இல்லாமல் இந்த இராத்திரி ஏன் வேறாக இருக்கிறது?” என்று கடைக்குட்டி கேட்க வேண்டும், பெரியவர்கள் கதை சொல்ல வேண்டும். அன்று கேட்டது ஆறு வயதுப் பெண். எபிரெயுவில் ராகம் போட்டுப் பாடி முடித்து, சரியா என்று பாட்டி முகத்தைப் பார்த்தாள்.

அப்புறம் மட்சா என்னும் புளிப்பில்லாத அப்பம். மாவில் தண்ணீர் பட்ட 18 நிமிடத்துக்குள் சுட்டெடுத்துவிட வேண்டும். புளிக்க வைக்க நேரமில்லாமல் ஓடியவர்களின் அப்பம் அது.

அந்த இரவில் வாசிக்கும் ஹகடா என்ற புத்தகத்தில் நாலு பிள்ளைகள் வருகிறார்கள். அதில் ஒருவன், “இந்த ஆராதனை உங்களுக்கு எதற்கு?” என்கிறான். அவனைப் பொல்லாதவன் என்கிறது புத்தகம். கேள்வி கேட்டதற்காக இல்லை. “உங்களுக்கு” என்று சொல்லித் தன்னை வெளியே நிறுத்திக்கொண்டதற்காக. ‘நாம்’, ‘நாங்கள்’ என்று இரண்டு சொல் வைத்திருக்கும் நமக்கு இது சட்டென்று பிடிபடும். எகிப்திலிருந்து வெளியே வந்தது தாத்தாக்கள் இல்லை, நாம். ஒவ்வொரு தலைமுறையும் அப்படித்தான் எண்ண வேண்டும் என்கிறது ஹகடா.

என் நண்பருக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. ஓய்வுநாளும் அனுசரிப்பதில்லை. செதரை மட்டும் ஒரு வருடமும் விட்டதில்லை. இதை வெறும் குடும்ப விருந்து என்று யாராவது மட்டம் தட்டினால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் அடிமையாக இருந்தேன் என்று வருடாவருடம் வாய்விட்டுச் சொல்கிறவர், இன்னொருவரின் அடிமைத்தனத்தை எப்படிப் பார்க்காமல் இருக்க முடியும்? 1969 ஏப்ரல் 4, மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட முதலாண்டு நினைவுநாள். அன்று வாஷிங்டனில் யூதர்களும் கறுப்பின மக்களும் ஒரு தேவாலயத்தில் ஒன்றாக உட்கார்ந்து ‘விடுதலைச் செதர்’ நடத்தினார்கள். 2024இல் ஹமாஸ் பிடித்துப்போன பணயக்கைதிகளுக்காகக் காலி நாற்காலி போட்ட மேசைகள் இருந்தன. “பசித்தவர் எல்லாரும் வந்து சாப்பிடுங்கள்” என்ற வரியில் காசாவை நினைத்த மேசைகளும் இருந்தன. இரண்டையும் இந்தப் பண்டிகைதான் கேட்க வைத்தது என்று நம்புகிறேன்.

எகிப்தியர்மேல் வந்த பத்து வாதைகளையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, விரலைத் திராட்சரசத்தில் தொட்டுத் தட்டில் ஒவ்வொரு துளி வைத்தார்கள். எதிரி பட்ட பாட்டை நினைத்துத் தங்கள் கிண்ணத்தைக் குறைத்துக்கொள்கிறார்களாம். வெள்ளைத் தட்டில் பத்துச் சிவப்புப் புள்ளிகள். அந்தச் சின்னப் பெண் விரலை வாய்க்குக் கொண்டுபோனாள். பாட்டி தலையை அசைத்து, அவள் கையைப் பிடித்துத் துணியால் துடைத்துவிட்டார்.