ஊரை ஏப்ரலில் போய்ப் பாருங்கள்

என் மச்சினன் தென்காசிப் பக்கம் பத்து சென்ட் இடம் வாங்கியது ஒரு ஜூலை மாதத்தில். குற்றாலத்தில் சீசன் உச்சம். ஐந்தருவியில் குளித்துவிட்டு, தலையைக்கூடச் சரியாகத் துவட்டாமல், தரகரோடு போய் இடத்தைப் பார்த்திருக்கிறான். பின்னால் மலை, மலைமேல் மேகம், முகத்தில் பன்னீர் தெளிக்கிற மாதிரி சாரல். அங்கேயே அட்வான்ஸ் கொடுத்துவிட்டான். வீடு கட்டிப் பால் காய்ச்சியது ஏப்ரலில். கண்ணில் தண்ணீர் வருவது ஹோமப் புகையாலா, வெயிலாலா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தோம். மதியம் பந்தியில் என் இலைக்குப் பக்கத்தில் குனிந்து, "அத்தான், இது அதே ஊர்தானா?" என்றான்.

ஊர் அதேதான். மாதம்தான் வேறு.

தென்காசி மலைக்குக் கிழக்கே இருக்கிற ஊர். முறைப்படி தென்மேற்குப் பருவமழை கேரளாவோடு நின்றுவிட வேண்டும். செங்கோட்டைப் பக்கம் மலை கொஞ்சம் தணிந்து வழிவிடுவதால்தான் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அந்தக் காற்றும் சாரலும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கின்றன. அதுவும் எவ்வளவு தூரத்துக்கு? கிழக்கே ஆலங்குளம் போய்விட்டால் பெரும்பாலும் காற்று மட்டும்தான். காற்றாலைகள் சுற்றும், சட்டை நனையாது. திருநெல்வேலியில் அதே ஜூலையில் வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். சீசனில் போய் இடம் வாங்குவது, பெண் பார்க்கப் போன அன்று பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டு மாமியார் குணத்துக்கு நற்சான்று கொடுப்பது மாதிரி.

சிரிக்கிறேனே தவிர, நானும் அந்தத் தப்பைச் செய்ய இருந்தவன்தான். முப்பத்திரண்டு வருஷம் சென்னையில் குப்பை கொட்டினோம், அதில் கடைசிப் பதினெட்டு வருஷம் வேளச்சேரியில். நான் ஓய்வு பெற்ற அன்று மாலையை மேசைமேல் வைப்பதற்குள் என் மனைவி சொல்லிவிட்டாள்: "இன்னொரு மே மாசத்தை இந்த வீட்டுல என்னால ஓட்ட முடியாது." சரி, எங்கே போவது? ஆளுக்கு ஓர் ஊர் சொன்னார்கள். பையன் எக்ஸெல் ஷீட் ஒன்று போட்டு அனுப்பினான். ஊர், வருஷச் சராசரி வெப்பம், மழை அளவு, எல்லாம் கட்டம் கட்டமாக. அதில் சென்னைக்கும் கோவைக்கும் சராசரியில் வித்தியாசம் இரண்டு டிகிரி சொச்சம். இரண்டு டிகிரிக்காகவா ஐம்பது அட்டைப்பெட்டி கட்டி லாரி ஏற்றுவது என்று எனக்கே தோன்றியது.

அந்தக் கட்டங்களில்தான் ஏமாற்றே இருக்கிறது. சராசரியில் யாரும் குடியிருப்பதில்லை. மே மாதத்து ராத்திரி பதினொரு மணியில் குடியிருக்கிறோம்.

எங்கள் வேளச்சேரி வீட்டுப் படுக்கையறையின் மேற்குச் சுவரை நான் ராத்திரி பத்து மணிக்குத் தொட்டுப் பார்ப்பது வழக்கம். ஜுரக்காரன் நெற்றி மாதிரி இருக்கும். பகலெல்லாம் வெயிலைக் குடித்த சுவர், நாம் படுக்கிற நேரம் பார்த்து அதைத் திருப்பித் தரும். மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் அந்த நேரத்திலும் வெதுவெதுப்பாக வரும். வெளியே ராத்திரி வெப்பம் 28 டிகிரிக்குக் கீழே இறங்காது. காற்றில் ஈரம் கனத்துக் கிடக்கும். வேர்வை வருவது உடம்பைக் குளிர்விக்கத்தான், ஆனால் அது உலர்ந்தால்தானே குளிரும்? சென்னையில் அது உலராமல் முதுகிலேயே குடியிருக்கும். வேலூரில் 41 டிகிரியில் ஒரு வேப்பமர நிழல் கிடைத்தால் உட்கார்ந்துவிடலாம். சென்னையில் 36லேயே நிழலும் புழுங்குகிறது. பையனின் கட்டங்களில் இதற்கு இடமில்லை.

கடல் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. கடல் காற்று முற்பகலிலேயே உள்ளே நுழைந்துவிட்டால் அன்றைக்குப் பிழைத்தோம். மேற்கே இருந்து வரும் மேல்காற்று பலமாக இருந்து அதைக் கரையிலேயே மறித்து வைத்தால், 40ஐத் தாண்டிப் போய்விடும். 2003 மே மாதம் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி வரை போனது. காற்று உள்ளே வந்தாலும் சும்மா வருவதில்லை, ஈரத்தையும் தூக்கிக்கொண்டு வருகிறது. சமையலறையில் உப்பு ஜாடியைத் திறந்து பார்த்தாலே தெரியும்.

மழையும் இதே கதைதான். சென்னையின் ஒரு வருஷ மழை சுமார் 140 சென்டிமீட்டர். கோவைக்கு அதில் பாதிதான். காகிதத்தில் சென்னை பணக்கார ஊர். அந்த மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில், விரல்விட்டு எண்ணுகிற சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். 2015 டிசம்பரில் எங்கள் தெருவில் படகு வந்தது. 2019 கோடையில் அதே தெருவில், அதே திருப்பத்தில், தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்றோம். இரண்டு போட்டோவும் என் போனில் இருக்கின்றன. சராசரி போட்டால் சரியான அளவு தண்ணீர்!

அப்புறம் ஒரு முடிவுக்கு வந்தோம். எந்த ஊரைப் பற்றி யார் சொன்னாலும், அந்த ஊரின் மோசமான மாதத்தில் பத்து நாள் வாடகைக்கு இருந்து பார்ப்பது. ஏசி இல்லாத வீடாகப் பார்ப்பது. என் மனைவி கூடவே ஓர் அளவுகோலை எடுத்து வந்தாள்: இட்லி மாவு. ஊரின் தட்பவெப்பத்தை மாவைப் போல் காட்டுகிற கருவி வேறு இல்லை என்பது அவள் கட்சி. மே மாதச் சென்னையில் காலை பத்து மணிக்கு ஆட்டி வைத்த மாவு, மதியத் தூக்கம் போட்டு எழுந்திருப்பதற்குள் பாத்திரத்தை விட்டு இறங்கி நடக்க ஆரம்பித்துவிடும்.

முதலில் கோத்தகிரி, நவம்பரில். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரம். எனக்கு மே மாதத்தில் பார்த்த கோத்தகிரிதான் மனதில் இருந்தது. நீலகிரி என்றால் எல்லாம் ஒன்று என்று நினைத்திருந்தேன். கூடலூர், அவலாஞ்சிப் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் நனைகிறது. குன்னூரும் கோத்தகிரியும் கிழக்கே பார்த்திருப்பதால் நவம்பர் மழையை நெஞ்சில் வாங்குகின்றன. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்து, அந்தச் சரிவெல்லாம் மண் சரிந்ததை அந்த ஊர்க்காரர்கள் இன்னும் தேதி வைத்துப் பேசுகிறார்கள். நாங்கள் போனபோது அப்படியெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. வெறும் மூடுபனியும் தூறலும்தான். துவைத்துப் போட்ட வேட்டி நான்கு நாளாகக் கொடியிலேயே தொங்கியது. ஐந்தாம் நாள் என் தோல் பெல்ட்டில் பச்சையாகப் பூசணம். மாவை ஸ்வெட்டரில் சுற்றி அடுப்புப் பக்கத்தில் வைத்தாள். இரண்டாம் நாளும் அது அசையவில்லை. தோசையாக ஊற்றிச் சாப்பிட்டோம், கோந்து மாதிரி இருந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அவளுக்கு ராத்திரியில் வீசிங் வந்ததுதான் பயமாகிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரி என்றால் கொண்டை ஊசி வளைவுகளில் முப்பது கிலோமீட்டருக்கு மேல் இறங்கி மேட்டுப்பாளையம் வந்து, அங்கிருந்து கோவை. அறுபது வயதுக்கு மேல் மலை வாசம் என்பது மழைக்கால ராத்திரியில் அந்த ரோட்டில் காரில் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய விஷயம்.

ஓசூர் நல்ல ஊர்தான், சுமார் 900 மீட்டர், பெங்களூரின் காற்று. லாரிகளும் தொழிற்சாலைகளும் சேர்ந்து அந்தக் காற்றை என்ன செய்கின்றன என்று பார்த்துவிட்டு மூன்றாம் நாளே திரும்பினோம். நாகர்கோவிலில் எனக்கு ஆசை அதிகம். இரண்டு பருவமழையும் கிடைக்கிற மாவட்டம், கண்ணுக்குக் குளிர்ச்சி, கோடையிலும் வெயில் பெரும்பாலும் ஓர் எல்லைக்குள் நிற்கும். ஆனால் புழுக்கம் சென்னைக்குத் தங்கச்சி மாதிரி. மனைவி உப்பு ஜாடியைத் திறந்து காட்டிவிட்டு மூடிவிட்டாள். எனக்கு இன்றைக்கும் அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

கடைசியில் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கிராமம். வேண்டுமென்றே ஏப்ரலில் போனோம். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே மலைத்தொடர் முப்பது கிலோமீட்டருக்கு மேல் அறுந்து கிடக்கிற பாலக்காட்டுக் கணவாய்க்கு நேர் எதிரே இருக்கிறது இந்த வட்டாரம். ஜூன் பிறந்தால் கேரளத்து மழைக்காற்று அந்த வாசல் வழியாகத்தான் கொங்கு நாட்டுக்குள் நுழைகிறது. மழையை மலையாள மண்ணிலேயே பெரும்பாலும் இறக்கிவிட்டு, குளிர்ச்சியை மட்டும் இங்கே கொண்டுவருகிறது. உடுமலை, பல்லடம் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்பதும் இதனால்தான். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று படித்ததை இங்கே கண்ணால் பார்க்கலாம். அம்மி பறக்காது, மாடியில் காயப்போட்ட வடகம் தட்டோடு பக்கத்துத் தோப்புக்குப் போய்விடும்.

ஆனால் நாங்கள் பார்க்க வந்தது அதை இல்லை. ஏப்ரல் மதியம் சுட்டது, நன்றாகவே சுட்டது. 37 டிகிரி. தென்னந்தோப்பு நிழல் இருந்தும் இரண்டு மணிக்கு நாய்கூட வெளியே வரவில்லை. தப்புப் பண்ணிவிட்டோமோ என்று நினைத்தபடி ராத்திரி ஒன்பது மணிக்கு எழுந்து போய் மேற்குச் சுவரைத் தொட்டேன். இளஞ்சூடு. பதினொரு மணிக்குத் தொட்டேன், சுவர் சுவராக இருந்தது. விடிகாலை மூன்று மணிக்கு மனைவி எழுந்து ஃபேனை ஒரு புள்ளி குறைத்துவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டாள். நான் தூங்குகிற மாதிரி படுத்திருந்தேன். எனக்கு அந்த நிமிஷமே முடிவாகிவிட்டது. பகல் வெயிலுக்கு ஒதுங்க நூறு வழி இருக்கிறது, தூக்கம் போன ராத்திரிக்கு ஒரு வழியும் இல்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. கோவை நகரத்துக்குள் பழைய குளிர்ச்சி இல்லை என்று அந்த ஊர்க்காரர்களே சொல்கிறார்கள். ரோட்டை அகலமாக்குகிறோம் என்று மரங்களை எடுத்தபின் எப்படி இருக்கும்? ஆயிரம் அடி போர் போட்டும் புகைதான் வந்தது என்ற கதையை இங்கே டீக்கடைக்கு ஒன்று கேட்கலாம். சிறுவாணித் தண்ணீரின் பெருமையைப் பேசுகிற ஊரில் எந்தத் தெருவுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது என்று கேட்டுவிட்டுத்தான் வீடு பார்க்க வேண்டும்.

போன தலைமுறைக்கு இதையெல்லாம் சொல்லித் தர வேண்டியதில்லை. கிழக்கே இருந்து வந்தால் கொண்டல், மேற்கே கோடை, வடக்கே வாடை, தெற்கே தென்றல் என்று காற்றுக்குத் திசை வைத்துப் பெயர் சொன்னவர்கள். என் தாத்தா வீட்டுத் திண்ணை எந்தப் பக்கம் என்பதே காற்றைக் கேட்டுத்தான் முடிவானது. இப்போது ஃபிளாட் வாங்குகிறவர்கள் வாசல் கிழக்கா வடக்கா என்று மூன்று பேரிடம் வாஸ்து கேட்கிறார்கள், படுக்கையறைச் சுவரில் மாலை வெயில் விழுகிறதா என்று ஒருவரும் கேட்பதில்லை. மேல்தளம் என்றால் கொஞ்சம் விலை குறைத்துத் தருகிறார்களே, அது ஏன் என்றும் கேட்பதில்லை.

"பருவநிலையே மாறிக்கொண்டிருக்கிறது, பழைய கணக்கை வைத்து ஊர் தேடி என்ன பயன்?" என்று பையன் கேட்டான். நியாயமான கேள்வி. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்தது. தூத்துக்குடிக் கரையில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்யும் மழையைவிட அதிகம். வறண்ட மாவட்டம் என்று பேர் வாங்கிய இடம் அது. அதனால்தான் இங்கே வீடு பார்த்தபோது முதலில் மேடா பள்ளமா, ஓடை எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டேன். இடம் வாங்கவும் இல்லை. வாடகைதான், ஒரு வருஷத்துக்கு. பன்னிரண்டு மாதமும் பார்த்துவிட்டு மேற்கொண்டு யோசிக்கலாம் என்று இருக்கிறோம். இப்படி ஊர் ஊராகப் போய் ருசி பார்ப்பதற்குப் பென்ஷனும் நேரமும் வேண்டும் என்பதும் தெரியும். தகரக் கூரைக்குக் கீழே மே மாதத்தைக் கழிக்கிறவர்களிடம் போய் இந்தப் பதிவைக் காட்டமாட்டேன்.

ஒன்பது மாதம் ஆகிவிட்டது. மாவு ராத்திரி வைத்தால் காலையில் பக்குவமாகப் பொங்கியிருக்கிறது, மார்கழியில் மட்டும் கொஞ்சம் சோம்பல். மச்சினனும் தென்காசி வீட்டுக்கு மேற்குப் பக்கம் நான்கு மரம் வைத்துச் சமாளித்துக்கொண்டிருக்கிறான். ஜூன் ஆனால் குடும்பத்தோடு எல்லோரும் அங்கேதான் போய் விழுகிறோம், அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இந்தப் பக்கம் வந்து குடியேறலாம் என்று யோசிக்கும் நண்பர்கள் நான்கைந்து பேர் உள்பெட்டியில் கேட்டிருக்கிறார்கள். எல்லோரும் ஒரே மாதிரி, "ஜூலையில் வந்து பார்க்கிறோம் சார்" என்கிறார்கள். ஜூலையில் தாராளமாக வாருங்கள், பணியாரம் சாப்பிடலாம், ஆழியார் போய் வரலாம். வீடு பார்க்க என்றால் ஏப்ரலில் வாருங்கள். ஒரு ராத்திரியாவது எங்கள் வீட்டில் தங்க வேண்டும். ஏசி கிடையாது, இப்போதே சொல்லிவிட்டேன்.