லேமினேஷன் வேண்டாம், ஊசியைப் பார்த்து எடுங்கள்

பழைய தேயிலைத் தோட்டக் கடிதங்களைப் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்துக்குக் கொடுக்குமுன் லேமினேட் செய்யச் சொல்கிறது ஒரு கட்டுரை. தயவுசெய்து வேண்டாம். சூடும் பசையும் தாளோடு ஒட்டிவிட்டால் பிரிக்க முடியாது, உள்ளே இருக்கும் அமிலமும் தாளைத் தின்றுகொண்டேதான் இருக்கும்.

ஊட்டி, குன்னூர் பக்கம் முதல் எதிரி ஈரம். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சை பிடிக்கும். தென்மேற்குப் பருவத்தில் பெட்டியைத் திறந்து அடுக்கவே கூடாது, ஜனவரி முதல் மார்ச் வரை செய்யுங்கள். கோத்தகிரிக்காரர்களுக்கு அக்டோபர், நவம்பர் மழையும் உண்டு. பிளைவுட் தேயிலைப் பெட்டியிலேயே விட்டுவைக்காதீர்கள், அந்தப் பலகையும் அமிலம் கக்கும். பூஞ்சை பிடித்த தாளை ஈரத்துணியால் துடைத்தால் கறை இழைக்குள் இறங்கிவிடும். முதலில் நிழலில் காயவிட்டு, முகக்கவசத்தோடு வெளியில் வைத்து மென்தூரிகையால் தட்டுங்கள். அந்துருண்டை பூச்சிக்குத்தான், பூஞ்சைக்கு அல்ல.

துருப்பிடித்த குண்டூசியை இழுக்காதீர்கள், தாள் கிழியும். இருபுறமும் மெல்லிய பிளாஸ்டிக் துண்டு செருகி, துருவைத் தளர்த்தி எடுக்க வேண்டும்.

கட்டுகளின் வரிசையைக் கலைத்துத் தேதிவாரியாக அடுக்குவது பலர் செய்யும் தவறு. எந்தக் கணக்கோடு எந்தக் கடிதம் இருந்தது என்பதே ஆய்வாளருக்குச் சான்று. உறையில் பென்சிலால் மட்டும் எழுதுங்கள். பதிப்புரிமை யாருக்கு, குடும்பக் கடிதங்கள் எத்தனை ஆண்டு மூடியிருக்கும் என்பதையும் கொடை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.