யூடியூப் பாடத்தை தேவனாம்பட்டினத்தில் இருந்து தொடங்கினேன்

"யூடியூப் எப்போது வந்தது?" என்று விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) இரண்டாம் ஆண்டு வகுப்பில் கேட்டேன். "ஜியோ வந்தப்போ மேம்" என்று கடைசி பெஞ்சில் இருந்து பதில் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கென்னவோ அதைத் தப்பென்று அடிக்க மனம் வரவில்லை. 2016இல் அந்தப் பையனுக்குப் பத்து வயது இருக்கும். நெல்லிக்குப்பத்தில் அவன் வீட்டுக்கு வீடியோ வந்து சேர்ந்தது அப்போதுதான்.

பாடக்குறிப்பில் இந்த வரலாறு ஒரே ஒரு பத்தி. இணையப் பணப்பரிமாற்ற நிறுவனமான பேபாலில் வேலை பார்த்த மூன்று இளைஞர்கள் 2005இல் ஆரம்பித்தார்கள், அடுத்த ஆண்டே கூகுள் 165 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது, இரண்டு மதிப்பெண். லாட்டரி அடித்த கதை மாதிரி இருக்கிறது. எந்த ஊரில் எப்படிச் சொன்னாலும் சரி, கடலூர்ப் பிள்ளைகளுக்கு இதை இப்படிச் சொல்லித் தருவது அநியாயம் என்பேன்.

அந்த மூவரில் ஒருவரான ஜாவேத் கரீம் சொன்ன காரணங்களில் ஒன்று, 2004 டிசம்பர் 26. சுனாமியைப் பற்றி உலகமே பேசியது. காட்சியைப் பார்க்கலாம் என்று இணையத்தில் தேடினால் லேசில் கிடைக்கவில்லை. அதே ஆண்டு அமெரிக்கக் கால்பந்து இறுதி ஆட்டத்தின் மேடையில் நடந்த ஒரு சம்பவத்தையும் அவர் சேர்த்துச் சொல்வார். மற்ற இருவர், சாட் ஹர்லியும் ஸ்டீவ் சென்னும், வேறு கதை வைத்திருந்தார்கள்: சான் பிரான்சிஸ்கோவில் ஒரு விருந்து, அங்கே எடுத்த வீடியோவை நண்பர்களுக்கு அனுப்ப முடியாமல் பட்ட பாடு. அப்படி ஒரு விருந்தே நடக்கவில்லை என்கிறார் கரீம். விளம்பரத்துக்காக அந்தக் கதைக்கு மெருகேறியதைச் சென்னும் பின்னால் ஒப்புக்கொண்டார். முதலில் இவர்கள் நினைத்தது ஜோடி சேர்க்கும் டேட்டிங் தளத்தை, அது ஓடவில்லை என்றேன். அதுவரை தூங்கிக்கொண்டிருந்தவர்களும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

சுனாமி என்ற சொல்லை இங்கே சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. கடலூர் மாவட்டத்தில் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். கடலூர்க் கடற்கரைக் குப்பமான தேவனாம்பட்டினத்தில் இருந்து வருகிற பெண் ஒருத்தி என் வகுப்பில் இருக்கிறாள். "எங்க அலையோட வீடியோ எங்க மேம்?" என்று அவள்தான் கேட்டாள். உலகம் திரும்பத் திரும்பப் பார்த்த காட்சிகளில் பெரும்பகுதி, வெளிநாடுகளில் விடுமுறைக்குப் போனவர்களின் கையடக்கக் கேமராவில் பதிந்தவை. நம் குப்பங்களில் அன்றைக்கு யாரிடம் கேமரா இருந்தது? இங்கே கேமராக்கள் வந்தது தண்ணீர் வடிந்த பிறகு.

சரி, வீடியோ எடுத்தவர்களாவது எங்கே போட்டார்கள்? இந்த இடத்தில்தான் நான் ஒரு முழு வகுப்பைச் செலவழித்தேன். அப்போது ஒரு வீடியோவை ஓட்ட ரியல் பிளேயர் என்ற மென்பொருள் வேண்டும், இன்னொன்றுக்கு விண்டோஸ் மீடியா, மற்றொன்றுக்கு குவிக்டைம். சொந்தத் தளத்தில் போட்டு நிறையப் பேர் பார்த்துவிட்டால் தளம் படுத்துவிடும், பில்லும் போட்டவர் தலையில்தான் விழும். பலகையில் கணக்குப் போடச் சொன்னேன். 10 எம்பி கோப்பு, 56 கேபிபிஎஸ் டயலப், அதாவது தொலைபேசி லைன் வழியாக வரும் இணையம். முழு வேகம் கிடைத்தாலே 24 நிமிடம். முழு வேகம் என்றைக்குக் கிடைத்தது! திருப்பாதிரிப்புலியூர் பிரவுசிங் சென்டரில் மணிக்கு 25 ரூபாய் கொடுத்து உட்கார்ந்தவள் நான்; பாதி டவுன்லோடில் லைன் போனால் அந்தக் காசு காசுதான்.

யூடியூப் செய்த உருப்படியான வேலை, எந்த வடிவில் வீடியோ வந்தாலும் அதை ஃபிளாஷ் என்ற மென்பொருளில் ஓடும் வடிவுக்கு மாற்றிக் கொடுத்தது. ஃபிளாஷ் ஏற்கெனவே பெரும்பாலான கணினிகளில் இருந்தது, அதனால் தனியாக எதையும் நிறுவத் தேவையில்லை. படம் தீப்பெட்டி அளவு, மங்கல், இருந்தாலும் அமுக்கினால் ஓடியது. விமியோ என்ற வீடியோ தளம் 2004இலேயே வந்துவிட்டது, கூகுளும் தனியாக ஒரு வீடியோ தளம் வைத்திருந்தது என்பதையும் பிள்ளைகளிடம் சொன்னேன். முதலில் வந்தவன் ஜெயித்தான் என்று யாரும் எழுதிவிடக்கூடாதே.

2005 ஏப்ரல் 23இல் ஏறிய முதல் வீடியோவையும் போட்டுக் காட்டினேன். சான் டியேகோ மிருகக்காட்சிசாலையில் யானைகளுக்கு முன்னால் நின்று தும்பிக்கை நீளத்தைப் பற்றிக் கரீம் பேசுவார், 19 விநாடி. "இவ்ளோதானா?" என்றார்கள். அப்புறம் 2006இல் வந்த 10 நிமிட வரம்பு. முழுப் படங்களையும் டிவி நிகழ்ச்சிகளையும் ஏற்றுகிறவர்களைத் தடுக்கத்தான் அது வந்தது. நம் ஆட்கள் விட்டார்களா, பாகம் 1, பாகம் 2 என்று பதினைந்து துண்டாக வெட்டி ஏற்றினார்கள். பாகம் 9 மட்டும் இருக்கவே இருக்காது. எத்தனை படங்களை நான் இடைவேளைக்குப் பிறகு பத்து நிமிடம் தாவிப் பார்த்திருக்கிறேன்!

வீட்டில், தெருவில் 2005க்கு முந்தைய வீடியோ எதுவும் இருக்கிறதா என்று கேட்டு வரச் சொல்லி வேலை கொடுத்தேன். பெரும்பாலும் கல்யாண விஎச்எஸ் கேசட், காதுகுத்து சிடி. தேவனாம்பட்டினத்துப் பெண் மட்டும் ஒரு மினி டிவி (MiniDV) கேசட், அதாவது கையடக்க வீடியோ கேமராவில் போடும் சின்ன கேசட், கொண்டுவந்தாள், தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரியது. கல்யாண வீடியோ எடுக்கும் அவள் மாமா, சுனாமிக்கு மறுவாரம் அவர்கள் தெருவைச் சுற்றி எடுத்தது என்றாராம். அதை ஓட்டிப் பார்க்க அந்த வகைக் கேமரா வேண்டும்; அவருடைய கேமரா எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது.

கடலூரிலோ பாண்டிச்சேரியிலோ, இன்னும் ஓடுகிற மினி டிவி கேமரா யாரிடமாவது இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். ஒரு நாள் போதும், பத்திரமாகத் திருப்பித் தருகிறேன்.