நோட்டீஸ் கொடுத்துவிட்டால் போதுமா?

மன்னார்குடியில் வாடகைக்குக் குடியிருக்கும் ஓர் அக்காவை வீட்டுக்காரர் நோட்டீஸ் அனுப்பிக் காலி பண்ணச் சொன்ன விஷயமாக முந்தாநாள் நான் போட்ட பதிவின் கீழே, "அதான் வீட்டுக்காரர் நோட்டீஸ் கொடுத்துட்டாரே, காலி பண்ண வேண்டியதுதானே" என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு அத்தனை லைக். இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை.

நோட்டீஸ் என்பது ஒரு கடிதம். "நீங்கள் போக வேண்டும் என்று விரும்புகிறேன்" என்று வக்கீல் மூலமாகச் சொல்வது, அவ்வளவுதான். அது தீர்ப்பு இல்லை. குடியிருப்பவர்கள் போகவில்லை என்றால் வீட்டுக்காரர் வாடகை நீதிமன்றத்துக்குப் போய், காரணத்தைச் சொல்லி, உத்தரவு வாங்க வேண்டும். அந்த உத்தரவு இல்லாமல் பூட்டை மாற்றுவதும், சாமானைத் தெருவில் வைப்பதும் தப்பு. ஃப்யூஸைப் பிடுங்குவதும் தண்ணீரை நிறுத்துவதும் கூடாது என்று தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டமே சொல்கிறது. 2019 பிப்ரவரியிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. மூன்று நாளாக அந்த அக்கா வீட்டில் மோட்டார் ஓடவில்லை. பிள்ளைக்குப் பரீட்சை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்டீர்கள். சொல்கிறேன்.

2018 நவம்பர், கஜா புயல். நாங்கள் திருத்துறைப்பூண்டியில் வாடகைக்கு இருந்தோம். ஓடு பாதி போய்விட்டது. மழை பெய்தால் அம்மா குண்டான், அண்டா, சோறு வடிக்கிற சட்டி என்று வரிசையாக வைப்பார். அரிசி டின்னுக்கு மேலே என் பழைய ரெயின்கோட். அப்பா இரண்டு முறை போய்க் கேட்டார், "ஓடு மட்டும் மாத்திக் குடுங்கய்யா" என்று. மூன்றாவது வாரம் ரிஜிஸ்டர் தபால் வந்தது. பதினைந்து நாளில் காலி செய்யவும்.

அப்பா நாலே நாளில் காலி செய்தார். மரியாதை போய்விடும் என்று. வக்கீல் லெட்டர் வந்தாலே போலீஸ் வந்த மாதிரிதான் அவருக்கு. அப்போது இருந்த 1960ஆம் வருட வாடகைச் சட்டத்திலும் உத்தரவு இல்லாமல் வெளியேற்ற முடியாது. வெள்ளம் போன்ற பேரிடரில் பாதிக்கப்பட்டவருக்கு இலவசச் சட்ட உதவி உண்டு என்று 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்திலேயே இருக்கிறது. எங்களுக்கு இதை ஒருவர்கூடச் சொல்லவில்லை. தெருவில் எல்லோரும் சொன்னது, நீங்கள் சொன்ன அதே வார்த்தை: நோட்டீஸ் கொடுத்துட்டாரே.

"வீட்டுக்காரர் பாவம் இல்லையா, வருஷக்கணக்கில் வாடகை தராதவன் இருக்கானே" என்பீர்கள். இருக்கிறார்கள். அதற்கும் அதே நீதிமன்றம் இருக்கிறது, போகட்டும். இந்த அக்கா ஒரு மாதம்கூடப் பாக்கி வைத்ததில்லை. சுவரில் ஓதம் ஏறி சுவிட்ச் போர்டில் ஷாக் அடிக்கிறது, சரி பண்ணிக் கொடுங்கள் என்று கேட்டார். அதுதான் அவர் செய்த குற்றம்.

"அக்ரிமென்ட் இல்லையே?" எழுதிப் பதிவு செய்வதுதான் சரி, சட்டமும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் காகிதம் இல்லை என்பதற்காக ஒரு குடும்பத்தைப் பூட்டை உடைத்து வெளியே தள்ள யாருக்கும் அதிகாரம் இல்லை. பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்கும்போது மட்டும் சட்டம் ஞாபகம் வருவதில்லை. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது. எங்கள் அட்வான்ஸில் வெள்ளையடிக்க என்று பிடித்துக்கொண்டார்கள். கூரையே இல்லாத வீட்டுக்கு வெள்ளை!

"நீ என்ன வக்கீலா" என்று கேட்டவர் எனக்குத் தெரிந்தவர், எங்கள் வீட்டில் சாப்பிட்டவர். அதுதான் வலிக்கிறது. நான் வக்கீல் இல்லை. அதனால்தான் வக்கீலிடம் போங்கள் என்கிறேன். தாலுகா கோர்ட்டிலேயே சட்டப் பணிகள் குழு இருக்கிறது. பெண்கள் என்றால் வருமானம்கூடக் கேட்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்கு போன் அடித்தாலும் வழி சொல்வார்கள்.

திங்கட்கிழமை காலை அக்காவைக் கூட்டிக்கொண்டு போகிறேன். வாடகை ரசீது, கரண்ட் பில், அந்த நோட்டீஸ், சுவிட்ச் போர்டு போட்டோ எல்லாம் ஒரு பையில் எடுத்து வைத்தாயிற்று. அப்பாவும் வருகிறேன் என்றிருக்கிறார்.