சும்மா ஒரு பிளான்

எனக்குப் பெரியப்பா முறையாகும் ஒருவர் தன் புது வீட்டைச் சுற்றிக் காட்டுகிற அந்த வீடியோவை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். "இது நீ போட்ட வீடுதானே?" என்று கேட்டு எனக்கே முப்பது பேர் அனுப்பியிருக்கிறீர்கள். ஆமாம், நான் போட்ட வீடுதான். நான்காவது நிமிடத்தில் முற்றத்தின் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்து, "பிளான் முழுக்க என் மனதிலேயே இருந்தது, ஒரு பாப்பா சும்மா கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தது" என்கிறாரே, அந்தப் பாப்பா நான்தான். வயது இருபத்தெட்டு. ஐந்து வருடம் கட்டடக்கலை படித்தவள். பெயருக்கு முன்னால் ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ளப் பதிவெண் வைத்திருப்பவள்.

"கொடுத்தது" என்ற அஃறிணையைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. எங்கள் பக்கத்தில் பாப்பா என்றால் அப்படித்தான் சொல்வார்கள், அதில் பிரியம்கூட இருக்கும். அந்தச் "சும்மா"தான் தொண்டையில் சிக்கிக்கொண்டு மூன்று நாளாக இறங்க மறுக்கிறது.

சும்மா என்றால் என்னவென்று சொல்கிறேன். பதினோரு மாதம். தஞ்சாவூரிலிருந்து நாற்பத்து மூன்று முறை பஸ் ஏறிப் போயிருக்கிறேன். டிக்கெட்டுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்ததால் எண்ணிப் பார்க்க முடிந்தது. வரைபடத்தைப் பத்தொன்பது முறை மாற்றியிருக்கிறேன். அதில் ஆறு முறை, அவருடைய மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களுக்காக.

அந்த முற்றத்துக்கு வருகிறேன். வீடியோவில் அவர் பெருமையாகக் காட்டுகிறாரே, அதே முற்றம் வேண்டவே வேண்டாம் என்று மூன்று வாரம் பிடிவாதம் பிடித்தவர் அவர். மழை உள்ளே வரும், கொசு வரும், திருடன் வருவான், அந்த இடத்தில் ஹாலைப் பெரிதாக்கிவிடலாம் என்றார். வாயால் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. இரண்டு ராத்திரி உட்கார்ந்து அட்டையில் வீட்டைச் செய்தேன். அதைத் தூக்கிக்கொண்டு போய் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து, கூடத்துக்குள் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திச் செருகினேன். முற்றத்துக்கு மேலே அட்டை வைத்து மூடியபோது புகை அறைகளுக்குள் சுற்றிச் சுற்றி வந்து ஜன்னல் ஓட்டைகளில் திணறியது. அட்டையை எடுத்ததும் நூல் பிடித்தாற்போல நேராக மேலே போனது. அவர் ஒன்றும் பேசவில்லை. அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பெரியம்மாதான், "சித்திரை வெயிலில் உள்ளே கிடந்து வேகிறது நான், முற்றம் இருக்கட்டும்" என்றார். அப்படி வந்த முற்றம் அது. இப்போது "என் மனதிலேயே இருந்தது" என்கிறார். பெரியம்மாவின் மனதில் இருந்தது என்று சொல்லியிருந்தால்கூட ஒப்புக்கொண்டிருப்பேன்.

பணத்தையும் சொல்லிவிடுகிறேன், பிறகு யாராவது கேட்பீர்கள். நாற்பத்திரண்டு லட்ச ரூபாய் வீடு. எனக்குப் பேசியது அறுபதாயிரம். கைக்கு வந்தது இருபத்தைந்தாயிரம். மீதி "கிரகப்பிரவேசத்தன்று கௌரவமாகக் கொடுத்துவிடுகிறேன் பாப்பா" என்றார். வாஸ்து பார்க்க வந்தவர் ஒரு மணி நேரம் திசைகாட்டியோடு சுற்றி, கழிவறைக் கதவைப் பத்து அங்குலம் நகர்த்தச் சொல்லிவிட்டு, பதினைந்தாயிரத்தை அன்றைக்கே வெற்றிலைத் தட்டில் வாங்கிக்கொண்டு போனார். அவரிடம் யாரும் "சும்மா ஒரு வாஸ்து பார்த்துக் கொடுங்கள்" என்று கேட்டதாகத் தெரியவில்லை.

கிரகப்பிரவேசத்துக்கு முதல் நாள் ராத்திரி தச்சு கழித்தார்கள், வீட்டைக் கட்டியவர்களுக்கு மரியாதை செய்கிற சடங்கு. மேஸ்திரி, தச்சர், கம்பி கட்டியவர், சென்ட்ரிங்காரர், பெயின்டர் என்று ஒவ்வொருவராக அழைத்து வேட்டி, துண்டு, வெற்றிலை பாக்கில் பணம். சபை நிறைந்து இருந்தது. நானும் புடவை கட்டிக்கொண்டு ஓரமாக நின்றேன். என்னையும் கூப்பிட்டார்கள். "பாப்பா, அந்தச் சந்தனக் கிண்ணத்தைக் கொஞ்சம் எடுத்துக் கொடு."

இங்கேதான் சிலர் கிளம்பி வருவீர்கள் என்று தெரியும். "உழைக்கிற கொத்தனாருக்கு மரியாதை செய்தால் உனக்கு ஏன் எரிகிறது? படித்த திமிர்."

என் அப்பா கொத்தனார். என் பதிவுகளைப் பல வருடமாகப் படிக்கிறவர்களுக்கு இது தெரியும், புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். மன்னார்குடியைச் சுற்றி அவர் கை படாத தெரு குறைவு. அவர் தச்சு கழிப்பில் வாங்கிய வேட்டிகள் எங்கள் இரும்புப் பெட்டியில் அடுக்கி இருந்தன. அம்மா அவற்றைக் கிழித்து எங்களுக்குத் தொட்டில் கட்டியிருக்கிறார், தலையணைக்கு உறை தைத்திருக்கிறார். கொத்தனாருக்குச் செய்கிற மரியாதை எங்கள் வீட்டில் துணியாகப் புழங்கியது. அதைப் பார்த்து எனக்கு எரியுமா? அதே கொத்தனார் தன் கையால் பூசி மெழுகிய திண்ணையில், வீடு முடிந்த மறுநாளிலிருந்து உட்கார முடியாது என்பதும் எனக்குத் தெரியும். எந்தத் திண்ணை, எந்தத் தெரு என்று கேட்காதீர்கள். ஊருக்கு நாலு இருக்கிறது. ஆனால் அப்பாவிடம் யாரும் "சும்மா ஒரு சுவர் எழுப்பிக் கொடு" என்று கேட்டதில்லை. சுவர் கண்ணுக்குத் தெரிகிறது. நான் செய்வது தெரிவதில்லை, அதனால் அது சும்மா.

பிளானில் அப்படி என்ன இருக்கிறது, நாலு கோடுதானே என்கிறீர்கள். 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் தேதி நான் மூன்றாம் வகுப்பு. எங்கள் ஊரிலிருந்து ஒன்றரை மணி நேரப் பஸ் பயணத்தில் கும்பகோணம். அன்று அங்கே ஒரு பள்ளிக்கூடத்தின் கீற்றுக் கூரையில் தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்துபோனார்கள். என் வயதுப் பிள்ளைகள். அடுத்த வாரமே எங்கள் பள்ளியின் கீற்றைப் பிரித்துப் போட்டார்கள். வெகுநாள் புங்க மரத்தடியில்தான் வகுப்பு நடந்தது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு டிசைன் வகுப்பில் ஆரம்பப் பள்ளி ஒன்றை வரையச் சொன்னபோது, சின்னக் கட்டடத்துக்கு மூன்று படிக்கட்டு வைத்தேன். இடம் வீணாகிறது என்று ஆசிரியர் சிவப்புப் பேனாவால் ஒன்றைச் சுழித்தார். நான் எடுக்கவில்லை, மதிப்பெண்தான் போனது. படி எவ்வளவு அகலம், கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, மாடியில் இருக்கிற பிள்ளை தரைக்கு வர எத்தனை அடி ஓட வேண்டும். நாலு கோடு என்கிறீர்களே, அந்த நாலு கோடு இதுதான்.

கோபத்தில் எங்கேயோ போகிறேன். திரும்பி வருகிறேன்.

இல்லை, வரவில்லை. கல்லூரிப் பேச்சு வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் ஆண்டில் பயிற்சிக்காகச் சென்னையில் ஓர் அலுவலகத்தில் சேர்ந்தேன். மாதம் ஆறாயிரம். விடுதிக்கு ஐந்தாயிரத்து ஐநூறு. மிச்ச ஐநூறில் சோப்பு, பஸ், பசி எல்லாம். அங்கே பெரியவர் அடிக்கடி சொல்வார்: "நாங்கள் எல்லாம் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டவர்கள்." 2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை விடியற்காலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. நான் அன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் யாரோ ஒருவருக்கு வரப்போகிற பங்களாவின் நீச்சல் குளத்துக்கு, திரையில் தண்ணீர் நிறம் மாற்றிக்கொண்டிருந்தேன். இன்னும் கொஞ்சம் நீலம், இல்லை கொஞ்சம் பச்சை. ஊரில் எங்கள் வீட்டு ஓடு பறந்துவிட்டது. நான்கு நாள் போன் போகவில்லை, அப்பா அம்மா இருக்கிறார்களா என்றே தெரியாது. லீவு கேட்டேன். "சனிக்கிழமை சப்மிஷன் முடித்துவிட்டுப் போம்மா, உன் வீட்டில் ஒன்றும் ஆகியிருக்காது" என்றார்கள். அலுவலகத்தின் பெயரைக் கேட்டு உள்பெட்டியில் வராதீர்கள், சொல்லமாட்டேன்.

போய்ப் பார்த்தபோது தென்னையெல்லாம் தலை திருகிக் கிடந்தது. அப்பா தன் கூரையை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக் கூரையில் ஏறி ஓடு மாற்றிக்கொண்டிருந்தார், கூலி வாங்காமல். இதை எழுதும்போதுதான் உறைக்கிறது, அதுவும் ஒரு சும்மாதான். ஆனால் அது அவராகக் கொடுத்தது.

அதற்குப் பிறகுதான் ஆய்வுத் திட்டத்துக்கு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தை எடுத்தேன். கூடப் படித்தவர்கள் அருங்காட்சியகம், கடற்கரை விடுதி என்று போனார்கள். ஒருவர் தஞ்சாவூருக்குப் பிரமாண்டமான விமான முனையமே வரைந்தார், பரிசும் வாங்கினார், நன்றாகவே இருந்தது. நான் இருபத்திரண்டு நாள் ஒரு கொள்முதல் நிலையத்தில் போய் உட்கார்ந்திருந்தேன். ஈரப்பதம் 17 விழுக்காடு தாண்டினால் நெல்லைத் தள்ளிவிடுவார்கள். குறுவை அறுப்பும் ஐப்பசி மழையும் ஒன்றாக வரும். களம் தாழ்வாக இருப்பதால் சுற்றுப்பக்கத்துத் தண்ணீரெல்லாம் குவியலின் அடியில்தான் சேரும். ஒரு பெரியவர் தார்ப்பாயைத் தூக்கி, உள்ளங்கை நிறைய அள்ளி எனக்குக் காட்டினார். நெல்லில் வெள்ளையாக முளை. அதனால் களத்தை உயர்த்தி, நடுவில் மேடாக்கி, இருபுறமும் வாய்க்கால் விட்டு, காற்று நுழைந்து வெளியேறுகிற மாதிரி உயரமான கூரை போட்டேன். மூட்டை தைக்க வருகிற பெண்களுக்குக் கழிவறை வைத்தேன். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பார்த்துவிட்டு, "எட்டுத் தூண், ஒரு தகரக் கூரை. இதில் டிசைன் எங்கேம்மா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

ஆக, படித்தவர்களுக்கு நான் செய்வதில் டிசைன் இல்லை. வீட்டுக்காரருக்கு நான் செய்வது சும்மா. நடுவில் நான் எங்கே நிற்பது?

அடுத்த ஆள் வருவார்: "எட்டாயிரத்துக்குப் பிளான் போட்டு அப்ரூவலும் வாங்கித் தருகிறார்கள், நீ ஏன் அறுபது கேட்கிறாய்?" போங்கள், வாங்கிக்கொள்ளுங்கள், யார் தடுத்தது? சட்டமே தடுக்கவில்லை. 1972ஆம் ஆண்டுச் சட்டம் ஆர்க்கிடெக்ட் என்ற பட்டத்தைத்தான் காப்பாற்றுகிறது, அந்தத் தொழிலைச் செய்ய மற்றவர்களுக்குத் தடை இல்லை என்று உச்ச நீதிமன்றமே 2020இல் சொல்லிவிட்டது. பெயருக்கு முன்னால் ஒரு சொல் மட்டும் எனக்கு. அதை வைத்து வாடகை கொடுக்க முடியாது.

குறைந்த செலவில் வீடு கட்டிக் கொடுத்த ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கரை இழுத்து, "பேக்கர் காசுக்காகவா உழைத்தார்?" என்று எப்போதும் கேட்கிற நண்பருக்கு: பேக்கர் குறைத்தது வீட்டின் செலவை. நீங்கள் குறைக்கப் பார்ப்பது என் சோற்றை.

நியாயமான கேள்வி ஒன்றும் இருக்கிறது. ஒருவர் முன்பே கேட்டுவிட்டார்: ஒப்பந்தம் எழுதி வாங்கினாயா? வாங்கவில்லை. அப்பாவுக்குப் பழக்கமானவர், முறைக்குப் பெரியப்பா, காகிதத்தை நீட்டக் கூச்சமாக இருந்தது. தப்புதான். சரி, அதைப் பிறகு பேசலாம்.

இன்னொன்று கேளுங்கள். இந்தப் பக்கத்து மண் களிமண், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழையில் உப்பும். சாலையோ, ஒவ்வொரு முறை போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு உயர்ந்துகொண்டே போகிறது. பத்து வருடத்தில் வீடு பள்ளத்துக்குப் போய்விடும். அதனால் பேஸ்மட்டத்தைச் சாலையிலிருந்து மூன்றரை அடி உயர்த்தச் சொன்னேன். மண் நிரப்பக் காசு ஆகிறது, படி ஏற முட்டி வலிக்கிறது என்று அதற்கும் சண்டை. போன கார்த்திகை மழையில் தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர், அவர் வீட்டில் இரண்டாவது படியோடு நின்றுவிட்டது. வீடியோவில் ஏழாவது நிமிடம் பாருங்கள். "வாஸ்துப்படி உயர்த்தினோம்" என்கிறார்.

இதே பெரியப்பாதான் மாதம் ஒரு முறை குடும்பக் குழுவில் பெரிய கோயில் படத்தை அனுப்புவார். ராஜராஜன் எவ்வளவு பெருந்தன்மையானவன், 1010இல் குடமுழுக்கு நடந்த கோயிலைக் கட்டிய குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சனின் பெயரைக் கல்லிலேயே வெட்டி வைத்தான், தமிழன்டா. கீழே பதினைந்து கைகூப்பல்கள். நானும் ஒன்று போட்டிருக்கிறேன். பெரியப்பா, கல்வெட்டு கேட்கவில்லை. மீதி முப்பத்தைந்தாயிரம் கேட்கிறேன்.

அப்பாவும் வீடியோவைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் முறை ஓடவிட்டு, முற்றம் வருகிற இடத்தில் நிறுத்தி, போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், "அந்த மூலையில் தண்ணீர் இறங்குகிற வாட்டம் சரியாக விட்டிருக்கிறாய்" என்றார். நாற்பது வருடம் வாட்டம் பிடித்தவர்.

இவ்வளவு எழுதிக்கொண்டிருக்கும்போதே பெரியப்பாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "பாப்பா, கேட்டுக்கு மட்டும் சும்மா ஒரு டிசைன் அனுப்பு. வெல்டிங்காரர் காத்திருக்கிறார்."

கேட் டிசைன் நாலாயிரம், பழைய பாக்கி முப்பத்தைந்தாயிரம், மொத்தம் முப்பத்தொன்பதாயிரம் என்று பதில் போட்டு வங்கிக் கணக்கு எண்ணையும் அனுப்பியிருக்கிறேன். நீல நிறத்தில் இரண்டு டிக் விழுந்து நாற்பது நிமிடம் ஆகிறது. அதற்குள் அந்தக் கேட்டை இரண்டு விதமாக வரைந்து பார்த்துவிட்டேன் என்பதை அவரிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள்.