பட்டிக்கு அடியில் என்ன இருக்கிறது?

தேவகோட்டைப் பக்கம் ஒரு பழைய ஜீப் பிக்கப்பை வாங்கிப் புதுப்பிக்கப் போவதாக ஒரு கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். ஆசை நியாயம்தான். ஆனால் 'ஏற்கெனவே ஆல்டர் செய்த வண்டி, பாதி வேலை மிச்சம்' என்கிறாரே (ஆல்டர் என்றால் எஞ்சின், பாடி போன்றவற்றை மாற்றியது), அங்கேதான் உதைக்கிறது.

நானும் காரைக்குடியில் அப்படி ஒன்றை வாங்கினேன். பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு மேட்டடோர் வேனின் டீசல் எஞ்சின் ஏற்றிய வண்டி. பெயிண்ட் பளபளவென்று இருந்தது. டிங்கர் அண்ணன் ஸ்பீக்கர் காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவுக்குக் கீழே வைத்தார். ஒட்டாமல் நழுவி விழுந்தது. ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் விரல் தடிமனுக்குப் பட்டி (பள்ளம், ஓட்டையை மறைக்கப் பெயிண்டுக்கு அடியில் பூசும் பசை), அதற்குள் அப்பளமாக நொறுங்கும் தகரம்.

அதைவிடத் தலைவலி, ஆர்.சி. புக்கில் பழைய எஞ்சின் நம்பரே இருந்தது. ஐம்பது வருடம் தாண்டிய வண்டிக்கு 2021 முதல் விண்டேஜ் (பழங்கால வண்டி) என்று தனிப் பதிவு உண்டு, சரி. ஆனால் அது சொந்த உபயோக வண்டிக்கு மட்டும். சேஸிஸ் (அடிச்சட்டம்), பாடி, எஞ்சின் பெரிதாக மாறாமல் அசலாக இருக்க வேண்டும். ஆல்டர் வண்டியை வைத்துக்கொண்டு அதை நம்ப வேண்டாம்.

பின்தொட்டிக்கு மட்டும் நம் ஊரில் கவலையில்லை. இடித்த வீட்டுப் பர்மாத் தேக்கு உத்திரம் ஒன்றை அறுத்துப் பலகை போட்டேன். அறுக்கும்போது வந்த எண்ணெய் வாசம் இன்னும் மூக்கில் நிற்கிறது. (பக்கத்து வீட்டு ஆச்சி, "உத்திரத்து மேல உர மூட்டையா ஏத்தப் போற?" என்று கேட்டது தனிக் கதை.)

அட்வான்ஸ் கொடுக்குமுன் சேஸிஸ் நம்பர் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அப்புறம் விலை பேசலாம்.