.45 கோல்ட் ரிவால்வருக்கு எல்லா .45 கோல்ட் தோட்டாவும் பொருந்தாது

டெக்சஸில் காட்டுப்பன்றி வேட்டைக்கு, “.45 கோல்ட் என்று பொறித்த எந்த ரிவால்வரிலும் அந்தப் பெயருள்ள எந்தத் தோட்டாவையும் போடலாம்” என்று சிலர் சொல்வது தவறு, கையையே பறிக்கக்கூடிய தவறு. 1873ஆம் ஆண்டு ராணுவ ரிவால்வரோடு, கருமருந்துக் காலத்தில் வந்த இந்தத் தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில்தரம் அனுமதிக்கும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 14,000 பவுண்டுதான். பெரிய விலங்குகளுக்கென்று விற்கப்படும் வீரியத் தோட்டாக்களோ அதைப் போல இருமடங்கை எட்டக்கூடியவை. வீரியமான .44 மேக்னம் தோட்டாவின் கூட்டை, அதற்கு முந்தைய சாதுவான .44 ஸ்பெஷலைவிட எட்டில் ஒரு அங்குலம் நீட்டியதே, அது பழைய ரிவால்வருக்குள் இறங்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான். .45 கோல்டில் அந்தக் காவல் இல்லை: சாதுவானதும் வீரியமானதும் ஒரே நீளம், இரண்டும் சிலிண்டரில் தடையின்றி இறங்கும். ஆகவே பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எச்சரிக்கையைப் படியுங்கள். ரூகர் பிளாக்ஹாக் போன்ற தடித்த சிலிண்டர் உள்ளவற்றுக்கு மட்டும் என்றிருந்தால், அதே நிறுவனத்தின் உருவில் சிறிய நியூ வக்கேரோவிலும் அதைப் போடக் கூடாது. இன்னும் வீரியமான .454 கேசல் தோட்டாவுக்கான ரிவால்வர் .45 கோல்டை ஏற்கும் என்பது உண்மை. ஆனால் அது ஒருவழிப் பாதை: .454 கேசல் தோட்டாவை .45 கோல்ட் ரிவால்வரில் போடக் கூடாது.

கிடாப்பன்றியின் தோளில் உள்ள தடித்த கேடயத் தோலைத் துளைக்க, வாய் விரியும் மென்குண்டைவிடத் தட்டை முனைக் கடின ஈயக் குண்டையே நான் தேர்ந்தெடுப்பேன்.